ஜனவரிப் பணிப்பாளர்

ஜனவரி மாதத்தில் சிட்னியில் அரசாங்கம் இருப்பதில்லை. கட்டடம் இருக்கும், லிஃப்ட் ஓடும், வாசலில் காவலாளி இருப்பார். அதிகாரிகள் மட்டும் கடற்கரையில் இருப்பார்கள். கிறிஸ்மஸுக்கு முதல் நாள் மத்தியானம் மேசையைத் துடைத்துவிட்டுப் போகிறவர்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கும்வரை அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டார்கள். இருபத்திரண்டு ஜனவரி மாதங்களை அந்தக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் தனியாகக் கழித்தவன் நான். கேள்விப்பட்டுச் சொல்லவில்லை.

எனக்குக் கிறிஸ்மஸ் இல்லை என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "இந்த நாட்கள் உமக்குப் பெரிதில்லைத்தானே" என்று பணிப்பாளர் கேட்டார். நான் தலையாட்டினேன். எண்பத்து நாலில் இரண்டு சூட்கேஸுடன் வந்து இறங்கி, இரண்டு வருடம் பெயின்ற் தொழிற்சாலையில் வாளி தூக்கிவிட்டு, கடைசியில் படித்த படிப்புக்கு ஒரு மேசை கிடைத்தவன் தலையாட்டாமல் என்ன செய்வான். அடுத்த வருடம் கேட்கக்கூட இல்லை, வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு டிசம்பரும் ஒரு பக்கக் கடிதம் ஒன்று வரும். பணிப்பாளர் விடுமுறையில் இருக்கும்போது அவருக்குரிய அதிகாரம் முழுவதும் இன்னாருக்கு என்று எழுதி, கீழே என் பெயர் இருக்கும். நான் அதைக் கவனமாக மடித்துக் கோப்பில் வைப்பேன்.

வீட்டில் இது பெரிய பகிடி. வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கும்போது நான் வேலை முடிந்து உள்ளே வந்தால், மனைவி கதிரையை விட்டு எழும்பி நின்று, "ஜனவரிப் பணிப்பாளர் வாறார், எல்லாரும் எழும்புங்கோ" என்பாள். சனம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசமாகும்.

எங்கள் கந்தோர் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். எங்களுக்குக் கிழக்கே, பெரிய சமுத்திரத்தில், சின்னச் சின்னத் தீவு நாடுகள் பல இருக்கின்றன. அவை சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. நாங்கள் அவர்களின் பெரிய அயல்வீட்டுக்காரர். அவர்களுக்கு வெளிச்சம் என்றால் டீசல். டீசல் பீப்பாய்களில் கப்பலில் வரும். கப்பல் பிந்தினால் தீவு இருட்டு. ஆகவே எரிசக்தியில் சேர்ந்து வேலை செய்வதென்று அவர்களும் நாங்களும் ஒப்புக்கொண்டு, ஐந்து வருடத்துக்கு ஒரு திட்டம் எழுதுவோம். நான் சேர்ந்த காலத்தில் பேச்செல்லாம் எண்ணெய் விலை பற்றித்தான். எண்பதுகளின் முடிவில் கடல் மட்டம் என்ற சொல் உள்ளே வந்தது. பிறகு காலநிலை என்ற சொல் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் மின் பொறியியலாளன். மற்றவர்கள் சொற்களைப் பார்ப்பார்கள், நான் வயரையும் பற்றரியையும் பார்ப்பேன்.

கூட்டங்களைப் பற்றி நான் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. தீவுக்காரர் மிக மரியாதையாக, சுற்றி வளைத்து, கடைசியில் எங்கள் நிலக்கரிக்கு வருவார்கள். அந்தச் சொல் மேசைக்கு வந்ததும் எங்கள் ஆட்களில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்து, தேநீருக்கு நேரமாகிவிட்டது என்பார். எல்லோரும் எழும்புவோம். நானும் எழும்பினேன். அப்படி எத்தனை தேத்தண்ணி குடித்திருப்பேன் என்று யோசித்தால் வாய் கசக்கிறது.

அவளை அப்படியொரு தேநீர் மேசையில்தான் சந்தித்தேன். கூட்டமைப்பின் செயலகத்தில் எரிசக்திப் பொறுப்பாளர். பெரிய உருவம், காதுக்கு மேலே ஒரு பூ, அவசரமில்லாத பேச்சு. எந்த ஊர் என்று கேட்டாள். இலங்கை என்றேன். "தீவுக்காரர்" என்று சொல்லிவிட்டு, அடுத்த அமர்வில் கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் நெளிந்தார்கள். அவள் கவனிக்கவில்லை.

அவள் பிறந்தது கடல் மட்டத்துக்கு ஒரு ஆள் உயரம்கூட இல்லாத ஒரு தீவு. அங்கே ஒரு சின்ன வைத்தியசாலை, அதில் ஒரே ஒரு தாதி. அந்தத் தாதி அவளுடைய தங்கை. பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். இருந்தது மண்ணெண்ணெயில் ஓடும் பிரிஜ். கப்பல் பிந்தி மண்ணெண்ணெய் முடிந்தால் பிரிஜ் நிற்கும், மருந்து பழுதாகும், பிள்ளைகள் அடுத்த கப்பல்வரை காத்திருக்கும். ஒரு முறை தங்கை மருந்துக் குப்பிகளை ஈரத் துணியில் சுற்றி, கிணற்றுக்குள் இறக்கி, இரண்டு நாள் காவல் இருந்தாளாம். பிரயோசனம் இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எழுதிய திட்டத்தில் தூரத் தீவுகளின் வைத்தியசாலைகளுக்குச் சோலார் தகடும் பிரிஜ்ஜும் கொடுப்பதென்று வந்தது. எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. படம் எடுக்க நல்ல சாமான். ஆனால் எனக்கும் அவளுக்கும் ஒரு விஷயம் தெரியும். தகடு சாகாது, பற்றரிதான் சாகும். கடற்காற்றில் உப்பு ஏறி முனைகள் அரித்துப்போகும். பற்றரிக்குத் தண்ணீர் குறையும். ஒருவர் கிழமைக்குக் கிழமை வந்து பார்த்து, துடைத்து, ஊற்ற வேண்டும். அந்த ஒருவருக்கும் வயிறு இருக்கிறது, அவரும் மீன் பிடிக்கப் போக வேண்டும். ஆகவே நாங்கள் இரண்டு பேரும் பாரமட்டாவில் ஒரு கூட்டத்தின் இடைவேளையில் உட்கார்ந்து ஒரு வரி எழுதினோம். ஒவ்வொரு தீவிலும் பயிற்சி பெற்ற ஒருவர், ஐந்து வருடமும், சம்பளத்துடன். அவ்வளவுதான். நாற்பது பக்கத் திட்டத்தில் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் இரும்பும் கண்ணாடியும்.

இனி அந்த விதி. கடைசிப் பிரதியைச் செயலகம் ஃபாக்ஸில் எல்லோருக்கும் அனுப்பும். குறித்த நாள், குறித்த நேரத்துக்குள் எவரும் ஆட்சேபம் எழுதாவிட்டால், எல்லோரும் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். கையெழுத்தும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம், பேசாமல் இருந்தால் போதும். யாராவது ஒருவர் ஒரு வரி எழுதினால் அத்தனையும் நின்றுவிடும், திரும்பப் பேச வேண்டும்.

தீவுக்காரரிடம் வேறொரு வழக்கம் இருந்தது. அவர்கள் ஒரு வாயாகத்தான் பேசுவார்கள். ஒரு தீவு மற்றத் தீவை முந்திக்கொண்டு ஆட்சேபம் சொல்லாது, அது பெரிய மரியாதைக் குறைவு. எல்லோரும் பேசி ஒரு சொல்லுக்கு வருவதற்குள் மாதம் ஓடிவிடும். அவசரத்துக்கு எழுதுவதென்றால் நாங்கள்தான் எழுத வேண்டும். நவம்பர் கூட்டம் முடிந்து விமான நிலையத்துக்குப் போகுமுன் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள் தலைநகரத்து ஆட்களுக்கு இந்த வரி பிடிக்கவில்லை. சம்பளம் என்றால் அவர்களுக்குக் காய்ச்சல் வரும். கடைசிப் பிரதியில் இது இல்லாமல் வந்தால் நீங்கள் ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதினால் நாங்கள் எல்லோரும் பின்னால் வருவோம்."

"எழுதுவேன்" என்றேன். பக்கத்தில் நின்ற என் பணிப்பாளரும், "அந்த வரியை நாங்கள் விடமாட்டோம்" என்றார். மனதாரத்தான் சொன்னார். நல்ல மனிதர்.

ஃபாக்ஸ் ஜனவரி இரண்டாம் கிழமை, திங்கட்கிழமை காலையில் வந்தது. ஆறாம் மாடியில் நானும் அந்த மெசினும்தான். நின்றபடியே வாசித்தேன். பதினெட்டாம் பக்கத்தில் எங்கள் வரி இல்லை. அந்த இடத்தில், உள்ளூர் மக்களின் பங்களிப்புடன் பராமரிக்கப்படும் என்று இருந்தது. பங்களிப்பு என்றால் சும்மா செய்வது. கடைசிப் பக்கத்தில் கெடு: வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி, செயலகம் இருக்கும் ஊரின் நேரப்படி. அவர்கள் எங்களைவிட ஒரு மணித்தியாலம் முன்னால். எங்களுக்கு நாலு மணி.

ஆட்சேபத்தை எழுத எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது. இரண்டே வசனம். ரைப் பண்ணினேன். கீழே என் பெயர், அதன் கீழே பதில் பணிப்பாளர் என்று, பணிப்பாளருக்குப் பதிலாக இருப்பவனின் பட்டம். பேனையை எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன்.

ஏன் என்று என்னை நானே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் இளம் பொறியியலாளனாக இருந்த காலத்தில், ஒரு மழை நாள், ஒரு தெருவில் மின்கம்பி அறுந்து விழுந்துவிட்டது. மேலதிகாரியைத் தேடினேன், அவர் இல்லை. நானே கையெழுத்து வைத்து அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்தித் திருத்தச் சொன்னேன். ஒருவரும் சாகவில்லை. ஆனால் அடுத்த கிழமை, யாரைக் கேட்டுக் கையெழுத்து வைத்தாய் என்று விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. மூன்று மாதம் விசாரணை. விசாரணை முடிந்த அன்று வயதான லிகிதர் ஒருவர் என்னைப் பார்த்துப் பாவப்பட்டு, "தம்பி, நாங்கள் கேக்காமல் ஒண்டும் செய்யக் கூடாது" என்றார். நாங்கள் என்றால் யார் என்று அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. சில வருடங்களில் எண்பத்து மூன்றுக் கலவரம் வந்தது, இருந்த வீட்டை எரித்தார்கள், ஓடி வந்தோம். வீடு எரிந்ததைவிட அந்தக் கடிதம் எனக்குள்ளே ஆழமாகப் போய்விட்டது என்று சொன்னால் சனம் சிரிக்கும். உண்மை அதுதான்.

ஆகவே பணிப்பாளரைத் தேடினேன். அவர் தெற்குக் கரையில், சனம் வண்டிவீட்டில் தங்கும் ஒரு கரவன் பார்க்கில் இருந்தார். கைத்தொலைபேசி இல்லாத காலம். பார்க்கின் கடையில் ஒரு தொலைபேசி, அதை எடுக்கும் பெண் ஒருத்தி. திங்கட்கிழமை, அவர் மீன் பிடிக்கப் போயிருக்கிறார் என்றாள். செவ்வாய்க்கிழமை, சொல்லிவிட்டேன் என்றாள். புதன்கிழமை, யாருக்குச் சொன்னேனோ அவர் வேறு ஆள் போல என்றாள். வியாழக்கிழமை, இன்றைக்கு அவர் ஐஸ் வாங்க வரவில்லை என்றாள். இடையில் தலைநகரத்துக்கும் கோல் எடுத்துப் பார்த்தேன். மறுமுனையில் ஒருவர், "எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, நான் ஜனவரிக்கு மட்டும் இந்தக் கதிரையில் இருக்கிறேன்" என்றார். அவரோடு கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த வருடம் பொங்கல் வெள்ளிக்கிழமையில் வந்தது. மனைவி வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்தாள். கெஞ்சி மன்றாடி அன்றைக்கு லீவு எடுத்திருந்தாள். பின் வளவில் கல் வைத்துப் பொங்குவதாகத் திட்டம். நான் விடியவே வெளிக்கிட்டுவிட்டேன். கோல் வந்தால் எடுக்க ஆள் வேண்டுமே. பன்னிரண்டரைக்கு அவள் ரயிலேறி, சீலையோடு, கையில் பொங்கிய புக்கைப் பெட்டியோடு ஆறாம் மாடிக்கு வந்துவிட்டாள். காவலாளி பயந்துபோய்க் கூடவே வந்தார்.

"இஞ்சேருங்கோ, முதல்ல சாப்பிடுங்கோ. புக்கை ஆறிப்போச்சு."

"வையும். ஒரு கோல் வரவேணும்."

"ஆற்றை கோல்?"

"பணிப்பாளற்றை."

"அவர் லீவிலை எல்லோ? இப்ப நீங்கள்தானே பணிப்பாளர்."

மேசையில் கிடந்த கடுதாசியை எடுத்து வாசித்தாள். கதை முழுவதும் அவளுக்குத் தெரியும், கிணற்றில் மருந்து இறக்கியது உட்பட.

"இதிலை என்ன பிழை?"

"பிழை ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன் பிடிச்சு வைச்சுக்கொண்டிருக்கிறியள்? பேனை இல்லையோ?"

"நாளைக்கு ஏதும் வந்தால் ஆர் பதில் சொல்லுறது? ஒரு நாட்டின்ரை பேரிலை போற கடிதம். உமக்கு விளங்காது."

"ஓம், எனக்கு விளங்காது" என்றாள். "குழந்தைப் பிள்ளைக்குப் போடுற மருந்து குளிரிலை இருக்க வேணும், அது மட்டும் விளங்குது."

பெட்டியைத் திறந்து, புக்கையை ஒரு கோப்பைத் தட்டில் போட்டு, கரண்டியை எடுத்து வைத்தாள். வாழைப்பழத்தை உரித்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு, "போட்டு வாறன்" என்று சொல்லி லிஃப்டுக்குப் போய்விட்டாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

மூன்று மணிக்குக் கடைக்காரப் பெண்ணுக்கு மறுபடியும் எடுத்தேன். மூன்றரைக்கு எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. மூன்றே முக்காலுக்குக் கடுதாசியைக் கொண்டுபோய் ஃபாக்ஸ் மெசினில் வைத்தேன். இலக்கத்தையும் அழுத்தினேன். கையெழுத்து இல்லாமல் போனால் செல்லாது என்று எடுத்துவிட்டேன். மேசைக்கு வந்து பேனையைத் திறந்தேன். விளக்கம் கோரி என்று தொடங்கும் அந்தப் பழைய கடிதத்தின் முதல் வரி அப்படியே கண்ணுக்கு முன்னால் நின்றது.

நாலு மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்த விதியின் விசேஷமே அதுதான். மெசினில் பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது. தொலைபேசி அடிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே சனம் வெயிலில் போய்க்கொண்டிருந்தது. நான் தட்டைக் கழுவினேன். ஐந்து மணி ரயிலில் வீட்டுக்குப் போனேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பணிப்பாளர் திங்கட்கிழமை கோல் எடுத்தார். சில்லறைக் காசு விழும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"ஆட்சேபம் எழுதவில்லையா?"

"எழுதினேன். அனுப்பவில்லை. உங்களைக் கேட்க வேண்டும் என்று..."

"என்னை ஏன் கேட்க வேண்டும்? நீர்தானே பணிப்பாளர். அதற்குத்தானே கடிதம் தந்தேன்." அவருக்குக் கோபம் இல்லை. உண்மையில் விளங்காமல்தான் கேட்டார். "அதை நீர் பார்த்துக்கொள்வீர் என்று நான் நிம்மதியாக இருந்தேனே."

அவ்வளவு காலமும் அந்தக் கடிதத்தைச் சும்மா ஒரு சடங்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர்கள் என்னை நம்பித்தான் கடற்கரைக்குப் போனார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று பகல் முழுவதும் வெட்கத்தில் குறுகிப்போய் இருந்தேன்.

மே மாதக் கூட்டம் மெல்பேணில், கிளேட்டனில் ஒரு பல்கலைக்கழக மண்டபத்தில் நடந்தது. நல்ல குளிர். போகாமல் இருக்க ஏதாவது சாட்டுக் கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. செயலகத்துச் சிநேகிதி வாசலிலேயே நின்றாள். கையில் கயிறு கட்டிச் சுருட்டிய ஒரு பாய். என்னைக் கட்டிப்பிடித்து, காதுக்குள் மெல்லமாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும். உங்களைத் தடுத்துவிட்டார்கள். நீங்கள் சண்டை பிடித்திருப்பீர்கள். என் தங்கைக்கும் அப்படித்தான் சொன்னேன். அவள் உங்களுக்காக இதைப் பின்னி அனுப்பினாள்."

பணிப்பாளர் நாலடி தள்ளி நின்று தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததோ என்னவோ. நான் வாயைத் திறந்திருக்கலாம். இல்லை, என்னை ஒருவரும் தடுக்கவில்லை என்று நாலு சொல். நான் பாயை இரண்டு கையாலும் வாங்கி, நன்றி என்றேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய் விரித்தேன். அப்படி நெருக்கமான பின்னல், ஓரத்தில் கறுப்புச் சாயமிட்ட இழை. என் அப்பனே, அதற்கு எத்தனை நாள் எடுத்திருக்கும். மனைவி ஏது என்று கேட்டாள். மறைக்க மனம் வரவில்லை, சொன்னேன். அவள் பாயைத் திரும்பச் சுருட்டி, அதே கயிற்றால் கட்டி, அலுமாரிக்கு மேலே வைத்தாள். "இதிலை ஒருத்தரும் இருக்கக் கூடாது" என்றாள். அதற்குப் பிறகு ஜனவரிப் பணிப்பாளர் என்ற பகிடியையும் விட்டுவிட்டாள்.

தகடுகள் ஏறின. பூமாலையோடு படம் எடுத்தார்கள், எங்கள் வரவேற்பறையில் ஒன்று பெரிதாகத் தொங்கியது. மூன்றாம் வருடம் பற்றரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. சனம் பங்களிப்புச் செய்யத்தான் செய்தது, எத்தனை நாளைக்கு? பிரிஜ்ஜுக்குள் தங்கை துணி மடித்து வைத்தாளாம். கொஞ்சக் காலத்தில் வைத்தியசாலையை மூடி, அவளைப் பெரிய தீவுக்கு மாற்றினார்கள். கைப்பிள்ளை இருந்த குடும்பங்களும் ஒன்றொன்றாகப் பின்னால் போய்விட்டன. திட்டம் ஏன் சரிவரவில்லை என்று ஆராய்ந்து அறிக்கை எழுத ஒரு பொறியியலாளர் தேவைப்பட்டார். நான்தான் எழுதினேன். பராமரிப்புக் குறைபாடு என்று எழுதினேன். அதிலே பொய் இல்லை, அதுதான் கொடுமை.

ஒவ்வொரு வருடமும் தங்கையிடமிருந்து கிறிஸ்மஸ் வாழ்த்து வரும். கப்பல் தபால், ஜனவரியில்தான் வந்து சேரும், ஆறாம் மாடியில் நான் தனியாக இருக்கும்போது. எங்களுக்காகச் சண்டை பிடித்தவருக்கு என்று எழுதியிருப்பாள். நான் பதில் வாழ்த்து அனுப்புவேன். அப்படியே காலம் போனது. திட்டங்கள் நாற்பது பக்கத்திலிருந்து இருநூறு பக்கமாகின. ஃபாக்ஸ் போய் மின்னஞ்சல் வந்தது. காலநிலைக்கென்று தனிப் பிரிவும் தனி மாடியும் வந்தன. தேநீர் இடைவேளை மட்டும் மாறவில்லை. எனக்கு எல்லாம் அலுத்துவிட்டது. கூட்ட மேசையில் யாராவது "நாங்கள் சேர்ந்து" என்று தொடங்கினால் கண் தானாக மூடும்.

என் கடைசி ஜனவரியில் ஒரு சின்னப் பிரதி வந்தது, ஏதோ பயிற்சி வகுப்பு பற்றி. தவறு ஒன்று கண்டேன். எழுதினேன், என் பெயரைப் போட்டு உடனே அனுப்பினேன். ஐந்து நிமிடம். மறுநாள் நன்றி சொல்லித் திருத்திவிட்டார்கள். விளக்கம் கோரி ஒருவரும் எழுதவில்லை. அன்றைக்கு நான் கதிரையில் சாய்ந்து வெகுநேரம் இருந்தேன். அழுதேன் என்றே சொல்லலாம்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஓய்வு பெற்றேன். அதே வருடம் செயலகத்துச் சிநேகிதியும் ஓய்வு பெற்று, சிட்னியின் மேற்குப் பக்கத்தில் மகன் வீட்டில் தங்க வந்தாள். சாப்பிடப் போகலாம் என்று கேட்டாள். வென்ட்வேர்த்வில் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது, காதில் பூ இருந்தது. இடியப்பத்தைக் கையால் பிசைந்து சொதி ஊற்றிச் சாப்பிட்டாள். அவளுடைய தீவில் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டதாம், இப்போது இருபது வீடு கூட இல்லையாம். சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்த வெள்ளிக்கிழமை என்னை ஒருவரும் தடுக்கவில்லை" என்றேன். "அதிகாரம் என்னிடம்தான் இருந்தது. எழுதி வைத்துக்கொண்டு பயந்துபோய் இருந்துவிட்டேன்."

அவள் கையை நிறுத்தவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "தெரியும்" என்றாள். "கிளேட்டன் கூட்டம் முடிந்தபோது உங்கள் பணிப்பாளர் சொன்னார். பாயைப் பார்த்துவிட்டு அவரால் பொறுக்க முடியவில்லை."

பதினைந்து வருடம். நான் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ தெரியவில்லை. "ஏன் என்னைக் கேட்கவில்லை?" என்றேன்.

"நீங்கள் சொல்வீர்கள் என்று இருந்தேன். முதல் இரண்டு வருடம் கோபம். பிறகு கோபமும் களைத்துவிட்டது." தண்ணீர் குடித்தாள். "என் தங்கைக்கு நான் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியது இல்லை."

மேசையிலிருந்த கடுதாசித் துவாயில் ஒரு தொலைபேசி இலக்கத்தை எழுதி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு தனக்கு இன்னொரு இடியப்பம் கேட்டாள்.

அந்தக் கடுதாசி எங்கள் குசினியில், பிரிஜ் கதவில், காந்தத்தின் கீழே ஒரு மாதம் இருந்தது. இன்றைக்குக் கோல் எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம். அங்கே ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவார்கள், சனிக்கிழமை உடுப்புத் தோய்ப்பார்கள், முதலில் ஒரு கடிதம் எழுதி, பேசலாமா என்று கேட்டுவிட்டு எடுப்பதுதான் முறை. இதையெல்லாம் நான் ஒரு சனிக்கிழமை காலை வெங்காயம் உரித்துக்கொண்டே மனைவிக்கு விளக்கினேன். அவள் அடுப்பைக் குறைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இதுக்கும் ஆரைக் கேக்க வேணும்?" என்றாள்.

கையைக் கழுவினேன். இலக்கத்தை அழுத்தினேன். நாலு தரம் மணி அடித்தது, ஒரு பெண் எடுத்தாள். என் பெயரைச் சொன்னேன். அவள் தொலைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் யாரையோ உரத்துக் கூப்பிட்டு, எங்களுக்காகச் சண்டை பிடித்தவர் எடுத்திருக்கிறார், எல்லோரும் வாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிள்ளைகள் ஓடிவரும் சத்தம் கேட்டது. மனைவி அடுப்படியில் அசையாமல் நின்றாள்.

"முதலில் நான் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். "அன்றைக்குப் பேனை என் கையில்தான் இருந்தது."